கை நனைக்கலாமா?

தலைத் தீபாவளியை அறியாத தமிழர் இல்லை. கலியாணமான முதல் ஆண்டிலே பெண் வீட்டார் மாப்பிள்ளையை அழைத்து, எண்ணெய் தேய்த்து நீராடச் செய்து, புத்தாடை தந்து, தலைவாழை இலையிலே விருந்து படைப்பது நம்மவர் வழக்கம். கிறிஸ்தவத் தமிழர் இந்த வழக்கத்தைக் கைவிட்டாரல்லர். பண்டிகையின் பெயரை மாற்றிக்கொண்டு தலைக் கிறிஸ்துமஸ் என்று கொண்டாடுகின்றார்கள். மதம் மாறினும் மாப்பிள்ளை விருந்து மாறவில்லை. இதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை, மகிழ்ச்சியே உண்டு.

சென்ற டிசம்பர் 25-ஆம் தேதி, கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் ஒரு வீட்டிலே நடந்த தலைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். மாப்பிள்ளை மதுரைப் பக்கத்தவர். இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். பெண் அதே தொழிற்சாலையில் கணக்கெழுதுபவள், கத்தோலிக்கக் குடும்பத்தவள். அவளுடைய தந்தையார் இளமை முதல் ரப்பர் மரம் சீவிப் பிழைத்தவர். தோட்டம் கைமாறி லயம் இடிக்கப்பட்ட பின்பு இந்த வரிசை வீட்டில் குடியேறியவர். மணமக்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. தாய்நாட்டையும் பெற்றோரையும் விட்டுக் கடல் கடந்து வந்த அந்த இளைஞருக்கு, மனைவியின் வீட்டாரோடு கொண்டாடும் முதல் கிறிஸ்துமஸ் அது.

வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கிற்று. கூடத்து மூலையிலே வைக்கோல் பரப்பிய பாலன் குடில் இருந்தது. அச்சுமுறுக்கும் நெய்யுருண்டையும் தட்டுகளில் நிறைந்திருந்தன. பக்கத்து வீட்டுச் சீனர் ரொட்டி டின் ஒன்றைக் கையில் கொண்டு வந்திருந்தார். எதிர்வீட்டு மலாய்க்காரர் மனைவி மக்களோடு வந்திருந்தார். அவர்களுக்கென்று மலாய்க் கடையிலிருந்து தருவித்த உணவு தனித் தட்டுகளில் வைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளைக்கு இலையும் போட்டாயிற்று.

அந்த வேளையிலே மதுரையிலிருந்து தாயார் கைபேசியில் அழைத்தார். வாழ்த்துச் சொல்ல அழைத்தார் என்றே எல்லோரும் எண்ணினோம். "ஏய்யா, போனது போகட்டும், அந்த வீட்டிலே மட்டும் கை நனைத்துவிடாதே. அவர்கள் என்ன ஆட்களோ! நாளைக்கு உன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?" என்று அந்த அம்மையார் கூறிய சொற்கள் கூடம் முழுவதும் கேட்டன. சோற்றுப் பாத்திரத்தை ஏந்தி நின்ற பெண்ணின் தாயார் நின்றது நின்றபடியே இருந்தார்.

அதே சமயத்தில் வாசலிலே வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பெண்ணின் பெரியப்பா. தம் வீட்டாரை அழைத்துவராமல் தாம் மட்டும் வந்து, செருப்பைக் கழற்றாமலே நின்றவர். "மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்கட்டும், பிறகு வந்து சாப்பிடுகிறோம்" என்பது அவர் வாக்கு. இதையே கொள்கையாகக் கொண்டவர் என்று எண்ணி நாம் அவரிடம் பேசச் சென்றோம். அவரோ நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று, "மதுரைப் பக்கம் என்கிறார்களே, எந்த ஜாதி என்று உங்களுக்காவது தெரியுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்!

தோட்டத்துத் தோழர்களே, பட்டணத்து அன்பர்களே, இந்த இரண்டு பேச்சையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். ஒருவர் கடலுக்கு அப்பால் இருப்பவர். மற்றவர் வாசற்படியில் நிற்பவர். ஒருவரையொருவர் கண்டதுமில்லை. ஆயினும் இருவர் வாயிலிருந்தும் வந்த கேள்வி ஒன்றே. வெளிக்கு மதம் என்று பெயர். உள்ளே இருப்பது ஜாதி. இதைத்தான் நாம் இங்கே எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.

மதந்தான் தடை என்று சொல்லுகிறவர்களை முதலில் கேட்போம். எந்தச் சட்டம் தடுக்கிறது? இந்த நாட்டிலே 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கு அதுவே சட்டம். முஸ்லிம் ஒருவரை மணக்க வேண்டுமானால் மதம் மாறவேண்டும் என்பது இங்கு நிலை. ஆனால் இந்துவும் கிறிஸ்தவரும் மணந்துகொள்ள 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவாளர் முன் கையெழுத்திட்டால் போதும். எவரும் தம் மதத்தை விடவேண்டியதில்லை. தமிழ்நாட்டு நிலைமையும் வேறன்று. இந்தியாவின் 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்போடு எம்மதத்தாரும் எம்மதத்தாரையும் மணக்கலாம். ஆகவே இரண்டு அரசாங்கமும் தடுக்கவில்லை.

அரசாங்கம் போகட்டும், திருச்சபை தடுக்கிறது என்பாரோ பெரியப்பா? அவர் தம் சபையின் சட்டத்தை ஒரு முறை படித்துப் பார்ப்பது நலம். 1983-ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குப் பெறாதவரை மணக்க விரும்பும் கத்தோலிக்கருக்கு ஆயரின் விலக்களிப்பு வேண்டும் என்கிறது. கத்தோலிக்கராக உள்ளவர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளை அந்த விசுவாசத்தில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும் என்கிறது. அந்த வாக்கை மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மற்றவர் மதம் மாறியே தீரவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மணமக்கள் பதிவாளரிடம் மட்டும் சென்றது பற்றிப் பங்குக் குருவுக்குக் கேள்வி இருக்கலாம். அதை அவர் கேட்கட்டும், அவர்கள் விடை சொல்லட்டும். கோயிற் சட்டமே கேட்காத ஞானஸ்நானத்தைச் சோற்றுப் பந்தியிலே கேட்கப் பெரியப்பாவுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

விருப்பத்தோடு ஒருவர் மதம் மாறுவாராயின் அது அவருடைய உரிமை. அதை நாம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு தட்டுச் சோற்றை முன்னே வைத்து, "மாறினால் உறவு, மாறாவிட்டால் வாசல்" என்பது சமயப் பற்று ஆகுமா? அது பேரம்.

இனி, உண்ணுதலைப் பற்றி அவரவர் சமயம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். பெரியப்பா நாள்தோறும் வணங்குகின்ற கிறிஸ்து யாரோடு உண்டார்? வரி தண்டுவோரோடும், ஊரார் பாவிகள் என்று ஒதுக்கியவர்களோடும் பந்தியிருந்தார். அவர்மீது ஊர்ப் பெரியவர்கள் சாட்டிய குற்றங்களில் அதுவும் ஒன்று. பின்னர் அந்தியோக்கியா நகரத்திலே, புற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தவுடன் அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அப்போது பவுல், பேதுரு மூத்த சீடராயிற்றே என்று வாளாவிருக்கவில்லை. எல்லோருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு அவர் எழுதிய நிருபத்தில் இது காணக்கிடக்கிறது. உறவினர் என்ன சொல்வார்களோ என்று பந்தியைவிட்டு விலகும் நோய் அன்றைக்கே இருந்தது. அதற்கு மருந்தும் அன்றைக்கே கொடுக்கப்பட்டுவிட்டது. மருந்துச் சீட்டை வேதமென்று முத்தமிடுகிறவர்கள் மருந்தை உண்ண மறுப்பானேன்?

மதுரைத் தாயாருக்கும் சொல்லுகின்றோம். இராமாநுசர் வரலாற்றை அவர் கேட்டிருப்பார். வேறு குலத்தவராகிய திருக்கச்சி நம்பியை விருந்துக்கு அழைத்து, அவர் உண்டு மிஞ்சியதைத் தாம் உண்ண வேண்டுமென்று இராமாநுசர் காத்திருந்தார். அவருடைய மனைவியாரோ நம்பி உண்டு சென்றவுடன் இலையை எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்துவிட்டு வேறு சமையல் செய்தார். வைணவர் ஆயிரம் ஆண்டுகளாக இந்தக் கதையை எதற்காகச் சொல்லி வருகின்றார்கள்? மனைவியார் செய்தது சரி என்று காட்டவா? சைவ மரபிலே தோன்றிய வள்ளலார் 1867-இல் வடலூரிலே தருமச்சாலை கண்டபோது, பசித்தவனைச் சாதி கேட்டா உட்காரவைத்தார்? ஆகவே இந்து சமயப் பெரியார்களைச் சாட்சிக்கு அழைத்தாலும் அவர்கள் இந்த அம்மையார் பக்கம் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

பின்னே, தடை எங்கிருந்து வந்தது? மதத்தைக் கடந்து ஓடும் ஜாதியிலிருந்து வந்தது. கிறிஸ்தவரானால் ஜாதி போய்விடும் என்பார் உண்டு. போயிற்றா? 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் அத்தியட்சர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் ஜாதி வேற்றுமையை உடனே அடியோடு விட்டொழிக்க வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தார். நடந்தது என்ன? தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டாலும் விடுவோம், ஜாதியை விடோம் என்று நின்றனர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரே ஜாதியாசாரத்துக்குப் பரிந்து 1829-இல் நூல் எழுதியவர். பெத்லகேமைப் பாடிய நாவும் ஜாதியை விட மனம் கொள்ளவில்லை என்றால் மற்றையோரைப் பற்றிச் சொல்லவேண்டுமோ?

கத்தோலிக்கர் நிலைமை என்ன? திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கோயிலுக்குப் பீடம் ஒன்று, கூடம் இரண்டு. ஒரு கூடம் வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. ஆண்டவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்! நடுவிலிருந்த தடுப்பை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்க முற்பட்டபோது வழக்கும் வம்பும் நீதிமன்றம் வரை சென்றன. பழங்கதை என்று சொல்லித் தப்ப முடியாது. 2008 மார்ச் மாதத்தில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கத்தோலிக்கருக்குள்ளேயே ஜாதிச் சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலே இரண்டு உயிர்கள் போயின. சுட்டது போலீஸ், மூட்டியது ஜாதி.

இந்துக்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளே தாழ்த்தப்பட்டார் என்று ஒதுக்கப்பட்டவரும் நாடாரும் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க நேர்ந்ததே, அது எந்தக் கிறிஸ்தவனால்? 1924, 1925 ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேசபக்தியைக் கற்பிக்க வ. வே. சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்திலே, பொதுப் பணத்தில் உண்ணும் பிள்ளைகளுள் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதை எதிர்த்து எழுப்பிய குரலிலே காங்கிரஸே ஆட்டம் கண்டது. இரண்டு சிறுவர் தனியே உண்டதற்கு இத்தனை கிளர்ச்சியா என்று கேட்டவர் அன்றும் இருந்தனர். சோற்றுப் பந்தியிலே வேற்றுமையை ஒப்புக்கொண்டவன் வேறு எந்த இடத்திலும் சமத்துவம் பேச முடியாது என்பதே அதற்கு விடை. பாடாங் செராய் விருந்திலும் நாம் சொல்லக்கூடிய விடை அதுவே. அந்த ராமசாமியார் 1929 டிசம்பரில், இதே பண்டிகைக் காலத்தில், மலாயாவுக்கு வந்து தமிழரிடையே ஜாதி ஒழிப்பைப் பேசினார். கேட்டவர் பேரன்மாரும் பேத்திமாரும் இன்று நம்மிடையே இருக்கின்றார்கள். கேட்டது எங்கே போயிற்று?

இது நிற்க. கெடாவிலிருந்துகொண்டு ஜாதி பேசுவது எவ்வளவு விந்தை என்று எண்ணிப் பாருங்கள். 1025-ஆம் ஆண்டை ஒட்டி இராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று நாம் மேடைதோறும் மார்தட்டுகின்றோம். கடாரம் கொண்டது இருக்கட்டும். நம் பாட்டன்மார் கடாரத்துக்கு எப்படி வந்தனர்? கங்காணியின் பின்னே, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, 'ரஜூலா' போன்ற கப்பல்களின் மேல்தளத்திலே நெருக்கியடித்துப் படுத்து, பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவின் தனிமைக் கொட்டகையிலே ஒன்றாக அடைபட்டு வந்தனர். எவன் மூச்சு எவன்மேல் பட்டது என்று கணக்கெடுக்க அங்கே இடமில்லை. காடழித்து, அட்டைக் கடி பட்டு, மலேரியாக் காய்ச்சலிலே விழுந்தபோது வாயில் நீர் ஊற்றியவனின் ஜாதியைக் கேட்டுக் குடித்தவன் எத்தனை பேர்? கேட்டிருந்தால் அவன் வம்சம் இன்று ஜாதி பேச இருந்திராது.

அப்படியிருந்தும் சில தோட்டங்களில் லயங்களையே ஜாதிவாரியாகப் பிரித்து வைத்தனர். துரைமார்க்கு அது வசதியாயிருந்தது. பிரிந்து கிடப்பவன் கூலியுயர்வு கேட்கமாட்டான் அல்லவா? அந்தப் பிரிவினையைத் துரை விட்டுப் போனான். நாம் எடுத்து வைத்துக்கொண்டோம். இன்று அந்த லயங்களில் பல இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. மரம் மாறிற்று; மண் கைமாறிற்று; மனம் மட்டும் மாற மறுக்கிறது.

மாறவே முடியாதோ என்று மயங்க வேண்டாம். நம் கெடாவே மாறிக் காட்டிய நாடு. யுத்தம் முடிந்த காலத்திலே, பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை கண்டார். படிப்பும் பணமும் இல்லாத தோட்டத்து இளைஞர்கள், தோட்டம்தோறும் கள்ளுக்கடை வைத்துக் கூலியைப் பறித்த ஏற்பாட்டை எதிர்த்துத் திரண்டனர். 1947-இன் தொடக்கத்தில் பீடோங்கிலே கள்ளுக்கடை மறியல் செய்தவர்கள்மீது போலீஸ் பாய்ந்தது, உயிரும் பலியாயிற்று. முதலாளிக்கு மட்டும் அன்று. தம் வீட்டுக்குள்ளே குடியிருந்த பழக்கத்துக்கும் எதிராக அவர்கள் நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. குடிக்கும் கையைத் தட்டிவிடத் துணிந்த அந்த மக்களின் வழிவந்தோர், உண்ணும் கையைத் தடுக்கின்றவரைக் கண்டு வாய் மூடியிருக்கலாமா?

விருந்துக் கூடத்திலே நாம் கண்ட மற்றொன்றையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு மலாய்க்காரர் தம் மதவிதிப்படி ஆகும் உணவை மட்டுமே உண்டார். அதை ஒளிக்கவில்லை, வீட்டாரும் அதை மதித்துத் தனியே தருவித்தனர். ஆயினும் அவர் நம்மோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தோளைத் தட்டி வாழ்த்திவிட்டு உண்டார். அவர் உணவை ஆராய்ந்தார். உடன் உண்பவரை ஆராயவில்லை. மரக்கறி மட்டுமே உண்பவர் ஆட்டிறைச்சி வேண்டாம் என்னலாம், அதுவும் அவ்வாறே. இவை இழிவல்ல. உணவிலே குற்றமில்லை, சமைத்த கையிலேதான் குற்றம் என்பது மட்டுமே இழிவு. பண்டிகைக்குப் பண்டிகை வீட்டுக் கதவைத் திறந்து வைத்து எல்லா இனத்தாரையும் உபசரிப்பது இந்நாட்டு வழக்கம். சீனரும் மலாய்க்காரரும் உள்ளே வந்து உட்கார, இரத்த உறவினர் செருப்போடு வாசலில் நிற்பது யாருக்கு வெட்கம்?

இதற்குச் சமாதானம் கூறுவோர் மூன்று வாதங்களைச் சொல்லுவர். முதலாவது, பெற்றோர் மனம் நோகலாமா என்பது. நோகக்கூடாதுதான். ஆனால் சோறு ஏந்தி நின்ற அந்தத் தாயின் மனம் மனமன்றா? அவரும் ஒரு பெண்ணைப் பெற்றவரே. ஒரு தாயின் வீண் அச்சத்தைக் காப்பாற்ற வேறொரு தாயை அவமதிப்பது எந்தக் கணக்கில் புண்ணியம்?

இரண்டாவது, தங்கையின் கலியாணம் கெடும் என்பது. இந்த வாதத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. மதுரையிலே அந்த அம்மையார் தெருவில் நடக்கும்போது நாலு பேர் கேட்பர். அதன் வேதனை அவருக்கே தெரியும். ஜாதி தனியாளைத் தண்டிப்பதில்லை. குடும்பத்தைப் பிணை வைத்துக்கொண்டு மிரட்டுகிறது. ஆனால் பிணைக்குப் பயந்து ஒவ்வொருவரும் பணிந்தால் இந்த மிரட்டல் என்றைக்கு ஓயும்? அண்ணன் எந்த வீட்டில் சோறுண்டான் என்று விசாரித்துப் பெண்ணெடுக்கும் வீடு, அந்தத் தங்கை நாளை எதைச் சமைத்தாள், யாரோடு பேசினாள் என்றும் விசாரிக்கும் வீடாகவே இருக்கும். அப்படிப்பட்ட சம்பந்தம் தவறிப்போனால் தங்கைக்கு நட்டமா, இலாபமா?

மூன்றாவது, பிறக்கும் குழந்தை எந்த மதம் என்பது. மதத்தைக் கடந்து மணந்தோர் முன் உள்ள உண்மையான கேள்வி இதுவே. இதைப் பெற்றவர்கள் இருவரும் தனித்திருந்து, ஒருவர் நம்பிக்கையை ஒருவர் மதித்து, முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். மணப்பெண் தன் சபைக்குக் கொடுக்கும் வாக்கையும் கணவனிடம் மறைத்தல் கூடாது. ஆனால் அவர்கள் இருவரும் பேசவேண்டியதைப் பெரியப்பா வாசலில் நின்று பேசுவதும், தாயார் கைபேசியில் பேசுவதும் ஏன்? பிறவாத குழந்தையின் ஆன்மாவுக்காகக் கவலைப்படுகிறவர்கள், பிறந்து வளர்ந்து முன்னே நிற்கும் இரண்டு பேரின் வாழ்வைக் குலைக்கலாமா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமன்று. பெண் வீட்டாரே, மாப்பிள்ளையை உட்காரவைத்து முதலில் சோறு போடுங்கள். கோயிலுக்கு வருகிறாயா என்று கேளுங்கள். வந்தால் அழைத்துச் செல்லுங்கள். வராவிட்டால் வீட்டில் இருக்கட்டும். தலைப் பண்டிகையின் பெயரால் மோதிரமும் கைக்கடிகாரமும் கேட்கிற மாப்பிள்ளைகள் இருந்தால், அவர்களிடம் மட்டும் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வையுங்கள். மாப்பிள்ளைமாரே, அந்நிய நாட்டிலே உமக்கு ஒரு வீடு கிடைத்தது. அதன் சோற்றை உண்ண ஊரார் அனுமதிச் சீட்டு எதற்கு? உம் மனைவி அடுத்த பொங்கலுக்கு உம் தாய்வீட்டுப் பானையண்டை நிற்கும் உரிமையையும் இன்றே கேட்டு வாங்கும். கடலுக்கு அப்பாலுள்ள பெற்றோரே, பிள்ளையை வேலைக்கு அனுப்புகையில் யார் கீழ் வேலை, யார் சமையல், யார் பக்கத்துக் கட்டில் என்று நீங்கள் கேட்கவில்லை. சம்பளம் வரும் வழியில் குறுக்கிடாத ஜாதி, சோறு வரும் வழியில் மட்டும் குறுக்கிடுவதேன்?

சத்திரத்தில் இடமில்லை என்று சொல்லப்பட்ட ஒரு குடும்பத்தின் குழந்தை தொழுவத்தில் பிறந்த கதையைத்தான் கிறிஸ்துமஸ் என்று கொண்டாடுகின்றார்கள். அந்தக் கதையின் முன்னே குடில் கட்டி விளக்கேற்றிவிட்டு, வந்தவனைப் பார்த்து இடமில்லை என்பவன் குடிலில் எந்தப் பொம்மையாக நிற்கிறான் என்று அவனே தெரிந்துகொள்ளட்டும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிப்போம். அந்த இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, இலை போட்டுவிட்டார்கள், சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிக் கைபேசியை வைத்தார். மாமியாரைப் பார்த்து, "போடுங்கள், அத்தை" என்றார். மரம் சீவிக் காய்த்துப்போன கையால் மாமனார் அவருடைய தண்ணீர்க் குவளையை நிரப்பினார். எல்லோரும் உண்டோம். பெரியப்பா உள்ளே வரவில்லை. எப்பொழுது போனார் என்று எவரும் கவனிக்கவில்லை.

சாப்பிட்டபின் மகன் கூப்பிட்டார், தாயார் எடுக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கூப்பிடுகிறார் என்று கேள்விப்படுகின்றோம், இன்னும் எடுக்கவில்லையாம். இதற்காக அந்த அம்மையாரை நாம் ஏசப்போவதில்லை. ஆனால் ஒரு பிடிச் சோற்றுக்காகத் தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்கக்கூடிய ஒன்றை இன்னும் நம் குலப்பெருமை என்று பேசிக்கொண்டிருக்கிறவர்களை மட்டும் ஏசாமல் விடமாட்டோம்.